பதினாறு பல்

என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போன சைக்கிளின் பின் சக்கரத்தில் எத்தனை பல் இருந்தது? பெல்லின் சத்தம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சீட்டு உறையில் தொங்கிய குஞ்சம் ஞாபகம் இருக்கும். பல் எத்தனை என்று கேட்டால் விழிப்பீர்கள். எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை உங்களுக்கு வந்திருக்காது. எனக்கு வந்தது. பதினாறு.

நான் தூத்துக்குடியில் ஒரு சங்குக் கிட்டங்கியில், அதாவது கிடங்கில், முப்பத்தைந்து வருடமாக வேலை பார்க்கிறேன். கடலில் குளித்து எடுத்து வருகிற சங்குகளை ஒவ்வொன்றாக இரும்பு வளையத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். வளையத்துக்குள் விழுந்தால் சிறிது, நின்றால் பெரிது. அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு ஒத்துப்போன வேலை. போன வாரம் ஒரு காலையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கிட்டங்கி வாசலில் சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் கேட்டார். தலையில் ஹெல்மெட், கையில் உறை. சைக்கிளில் கியரும் இல்லை, மட்கார்டும் இல்லை, கேரியரும் இல்லை. பெடல் சும்மா நிற்காதாம். சக்கரம் சுற்றுகிற வரை காலும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டிய வகையாம்.

"இதுலயே தேரி ரோட்டுக்குப் போறோம் அங்கிள். கியர் இல்லாம மேட்டுல ஏறுறதுதான் த்ரில்லு" என்றார்.

நான் செம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அவர் போன பிறகு கையில் இருந்த சங்கை மூன்று முறை வளையத்தில் போட்டேன். அது விழுந்ததா நின்றதா என்று மனதில் பதியவில்லை. த்ரில்லாம்.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி. ஊருக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவில் தேரி கிடக்கிறது. தேரி என்றால் செம்மணல் குன்று. அதை மலை என்று சொன்னால் மேற்கே குற்றாலத்துப் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பிறந்தது முதல் தட்டையான கடற்கரையில் நடந்த காலுக்கு அதுதான் மலை. ஊரின் கடைசி வீடு தாண்டியதும் ரோடு மெல்ல ஏறும். கொல்லாமரத் தோப்பு, முந்திரித் தோப்புதான், அதுவரை சாதுவாகத்தான் போகும். தோப்பு தாண்டி ஒரு வளைவு வரும். அங்கே தாருக்கு மேல் எப்போதும் செம்மணல் படர்ந்து கிடக்கும். சக்கரம் அதில் பட்டதும் சரசரவென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் தொடை இறுகும். வளைவுக்கு மேலே உச்சி. உச்சியில் ஒரு கருப்பட்டிக் காப்பிக் கடை. பஸ் அந்தக் கடையோடு திரும்பிவிடும். கீழே இறங்கினால் மணலில் மறுபடி ஏற முடியாது என்று டிரைவர்கள் வரமாட்டார்கள்.

எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் சங்கு குளிக்கிறவர்கள், குளியாட்கள். முத்தெல்லாம் எங்கள் காலத்துக்கு முன்பே நின்றுவிட்டது. சீசனில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சோறு தின்று, மத்தியானம் தேரி உச்சிக்குப் போய் பஸ் பிடித்தால் சனிக்கிழமைதான் திரும்பி வருவார்கள். என் அப்பாவும் அப்படித்தான்; சீசன் இல்லாத மாதங்களிலும் துறைமுகத்து வேலைக்கு அப்படியே போய்வருவார்.

புதிதாக ஒரு பையனை வள்ளத்தில் ஏற்றுவதற்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. சீசன் தொடங்குகிற மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், மூத்த குளியாளின் அரிசி மூட்டையையும் பாத்திரச் சாக்கையும் அந்தப் பையன் ஊரிலிருந்து தேரி உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். பழைய நாளில் தலைச்சுமை. சைக்கிள் வந்த பிறகு சைக்கிள். வழியில் எங்கேயும் நிற்கக் கூடாது. உச்சிக்கு வந்ததும் மூட்டையை இறக்காமல், நின்ற நிற்பில், 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்குகிற மாதா மந்திரத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டும். தண்ணீருக்குள் இருக்கிற நேரத்தை எங்கள் ஆட்கள் அந்த மந்திரத்தால்தான் அளப்பார்கள். அவர் மூன்று மந்திரம் இருப்பார், இவர் நாலு மந்திரம் இருப்பார் என்று பேசிக்கொள்வார்கள்.

கடலிலேயே முங்கச் சொல்லிப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு முறை முங்குவதை யாரும் செய்வார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது முறை முங்க வேண்டும். மேலே வந்து இரைத்த மூச்சு அடுத்த முங்கலுக்குள் அடங்கியிருக்க வேண்டும். அந்தத் தம் ஒருவனுக்கு இருக்கிறதா என்பதைத் தேரியில்தான் பார்க்க முடியும் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் முடிவு.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம் அப்பா சொன்னார், "மழை விட்டதும் வள்ளத்துக்கு வாலே. பள்ளிக்கூடம் லீவுல வந்து கயிறு புடி. பெறவு பாப்போம்." அவர் சொன்னது அவ்வளவுதான். எனக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பு இல்லை. லாரி டியூப் ரப்பரை வெட்டி, வட்டக் கண்ணாடி பதித்து, அப்பா எனக்கு ஒரு தண்ணீர்க் கண்ணாடி செய்து தந்தார். ஊர்க் கிணற்றில் அதைப் போட்டுக்கொண்டு முங்கினால் அடியில் கிடக்கிற உடைந்த குடம், யாரோ தொலைத்த வாளி, ஒரு செருப்பு எல்லாம் தெளிவாகத் தெரியும். அந்தக் கண்ணாடியின் ரப்பர் வாசனை முகத்தில் சாயங்காலம் வரை இருக்கும். கிணற்றுக்கடியே இவ்வளவு தெரிந்தால் கடலுக்கடியில் என்னென்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டே தூங்குவேன்.

அதே ஜூன் மாதம் சைக்கிளும் வந்தது. எங்கள் ஊரில் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதுக்குத் தேரிக்கு அந்தப் பக்கம் ஏழு கிலோமீட்டர் போக வேண்டும். அப்பா தூத்துக்குடியில் தான் ஓட்டிக்கொண்டிருந்த சைக்கிளைப் பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவந்தார். கறுப்பு நிறம், பெரிய ஃபிரேம். வாசல் கதவை நிமிர்த்தி வைத்தது போல் கனம். உச்சியில் இறக்கி, அவரே ஓட்டிக்கொண்டு இறக்கத்தில் ஊருக்குள் வந்தார். இறக்கத்தில்தான் வந்தார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தச் சைக்கிளில் அவர் தேரியில் ஏறிப் பார்த்ததே இல்லை.

வாசலில் நிறுத்தி, இடுப்பிலிருந்து லேஞ்சியை உருவிச் சங்கிலிக் கவரைத் துடைத்தார். கைக்குட்டையை எங்கள் ஊரில் லேஞ்சி என்றுதான் சொல்வோம்.

"பின்பல்லு பதினாறு" என்றார் பக்கத்து வீட்டு மாமாவிடம். "கடையில வார சைக்கிள்ல பதினெட்டு இருக்கும். நான் மாத்திப் போட்டது. ஒரு மிதி மிதிச்சா எங்கனயோ போயி நிக்கும். கரையில எறங்கி, சங்கு மூட்டையோட கிட்டங்கிக்கு மொத ஆளா போயிருவேன்."

"அப்ப பள்ளிக்கூடத்துக்கு மணி அடிக்கவே ஒம் மவன்தான் போவான்னு சொல்லு" என்றார் மாமா.

அப்பா சொன்னது உண்மைதான். துறைமுகத்து ரோட்டில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கிட்டங்கியில் முதலில் போகிறவரின் சங்கைத்தான் முதலில் வளையத்தில் விடுவார்கள். கடைசியில் போகிறவர் வெயிலில் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் குளியாட்கள் எல்லாரும் சிறிய பல்லாக மாற்றிக்கொண்டார்கள். பல் குறைந்தால் வேகம் கூடும். வேகம் கூடினால் மிதி கனக்கும். தட்டை ரோட்டில் அந்தக் கனம் தெரியாது.

எனக்குத் தெரிந்தது. முதல் நாள் காலையிலேயே.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும். நான் மேற்கே ஏற வேண்டும். செம்மணல் எதிரே பறந்து வந்து பல்லில் நறநறக்கும். கொல்லாமரத் தோப்பு வரை எப்படியோ போய்விடுவேன். வளைவில் எழுந்து நின்று மிதிப்பேன். என் முழு எடையும் ஒரு பெடல் மேல் ஏறி நிற்கும். பெடல் இறங்காது. சைக்கிளும் நானும் அப்படியே ஒரு கணம் நின்று, பிறகு பக்கவாட்டில் சாய்வோம். இறங்கித் தள்ளுவேன். உச்சியில் காப்பிக் கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்து எனக்காகவே காத்திருப்பார்கள்.

"ஏலே, வாரான் பாரு குளியாள் மவன்! சைக்கிளை இவன் ஓட்டுதானா, இவனை அது ஓட்டுதா?"

"சைக்கிளு பாவம்லே. நெதம் அதை நடத்திக் கூட்டிட்டு வாரான்."

"எய்யா, ஒங்கப்பன் நாலு மந்திரம் முங்குவான். நீ நாலு மிதிக்கே நாக்கைத் தள்ளுதியே!"

கடைக்கார அண்ணாச்சி மட்டும் சிரிக்காமல் ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டுவார். வாங்கிக் குடிக்கக் கூச்சமாக இருக்கும். தலையாட்டிவிட்டு அந்தப் பக்க இறக்கத்தில் இறங்கிவிடுவேன். தொண்டை காய்ந்து எரியும்.

அதைவிட எரிச்சல் டீச்சர் மகள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் நாசரேத் பக்கத்துக்காரர். அவருடைய மகள் என் வகுப்புதான். அவள் லேடீஸ் சைக்கிளில், முன்னால் கூடையில் புத்தகத்தை வைத்து, சீட்டை விட்டு எழுந்திருக்காமல், கால் மட்டும் படபடவென்று சுற்ற, என்னைத் தாண்டிப் போவாள். வேகமாகவெல்லாம் இல்லை. நடக்கிற ஆளைவிடக் கொஞ்சம் வேகம். ஆனால் நிற்கமாட்டாள். தாண்டும்போது பெல் அடிப்பாள். நான் தள்ளிக்கொண்டு நடக்கும்போது எதற்கு பெல்?

ஆவணியில் ஒரு நாள் இன்னொன்று நடந்தது. உப்புக் காற்றில், பின்பல்லுக்குள்ளேயே இருக்கிற ஃப்ரீவீல், மிதிக்காதபோது பெடலைச் சும்மா நிற்க விடுகிற பாகம், துருப் பிடித்து இறுகிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. உச்சியிலிருந்து அந்தப் பக்கம் இறங்கும்போது வழக்கம் போல் காலை நிறுத்தினேன். பெடல் நிற்கவில்லை. சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் சுற்றியது. என் கால் அதன் இழுப்புக்குப் போனது. வேகம் கூடக் கூடப் பெடல் என் முழங்காலைத் தூக்கித் தாடையில் இடிக்கிற மாதிரி சுற்றியது. காலை எடுத்து அகட்டி வைத்தேன். பெடல் கெண்டைக்காலில் அடித்தது. இறக்கம் முடிகிற இடத்தில் உடைமரப் புதருக்குள் போய் விழுந்தேன். முள் எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கிட்டங்கிக்கு வந்த அந்த மனிதர் சொன்னாரே, சக்கரம் சுற்றுகிற வரை காலும் சுற்ற வேண்டும் என்று, அது எனக்கு அன்றைக்கு ஓசியிலேயே கிடைத்தது.

டீச்சர் மகள் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்தாள். ஆனால் போகவில்லை. பக்கத்து வீட்டில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கேட்டு வாங்கி வந்து ஃப்ரீவீலில் ஊற்றினாள். பெடலைப் பின்னால் சுற்றிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் டிக் டிக் என்று சத்தம் வந்தது.

"சரியாயிட்டு" என்றவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏ, ஒன் பல்லு ஏன் இவ்ளோ சின்னதா இருக்கு?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பதினாறு. பிறகு தன் சைக்கிளில் எண்ணினாள். இருபது.

"அதான் நீ ஏற மாட்டேங்குற. நாளைக்கு என் சைக்கிள்ல ஏறிப் பாரு."

மறுநாள் தோப்பில் மாற்றிக்கொண்டோம். லேடீஸ் சைக்கிளில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே மிதித்தேன். வளைவு வந்தது. மணல் சரசரத்தது. கால் சுற்றிக்கொண்டே இருந்தது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், கடை பெஞ்சுக்காரர்கள் பார்ப்பதற்குள் இறங்கினேன். மூச்சு லேசாகத்தான் வாங்கியது. திரும்பிப் பார்த்தால் அவள் வளைவில் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறாள், முகம் சிவந்து, "சனியன் புடிச்ச சைக்கிளு" என்று திட்டியபடி. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான வசவை நான் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்து ஊரில் சைக்கிள் கடைக்காரரிடம் போய் நின்றேன். கேட்பதற்கே மூன்று நாள் ஆயிற்று. அவர் நிமிராமல் சொன்னார், "பெரிய பல்லு போட்டா செயினுக்கு ரெண்டு கண்ணி கூட்டணும். ஒங்கப்பா மாத்திப் போட்டதை நீ சொல்லி நான் எப்படிலே கழட்ட? அப்பாவைக் கூட்டிட்டு வா."

அப்பா வந்த சனிக்கிழமைகளில் எல்லாம் சொல்ல நினைத்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்தில் போய் நின்றே விட்டேன். அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கம்பிகள் மினுங்குவதை என் தம்பிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். "பதினாறு பல்லுடா. கரையில இதை எவனும் புடிச்சதில்ல" என்றார். அந்த முகத்தைப் பார்த்து, உங்கள் பல் சரியில்லை என்று எப்படிச் சொல்ல? "என்னய்யா?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்றேன். எத்தனையோ முறை இந்த ஒண்ணுமில்லையை நான் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு முறைக்காகத்தான் இன்னும் என் மேல் எனக்குக் கோபம்.

கார்த்திகை மாதம் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேரியரில் மூத்த குளியாளின் அரிசி மூட்டை. அதற்கு மேல் பாத்திரச் சாக்கு, உள்ளே ஈயச் சட்டிகள் கலகலக்கின்றன. மழையில் நனைந்து செம்மணல் இறுகியிருந்தது. அது எனக்கு நல்லது. தோப்பு தாண்டினேன். வளைவில் எழுந்து நின்றேன். பெடல் இறங்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்து மேலே இழுத்து, உடம்பைக் கீழே தள்ளி, பெடலை ஒரு அரைச் சுற்று இறக்கினேன். அடுத்தது. பிறகு அடுத்தது. கண்ணில் வேர்வை. காதுக்குள் கடல் மாதிரி இரைச்சல். ஒவ்வொரு மிதிக்கும் சட்டிகள் ஒரு முறை கலகலக்கும், அடங்கும். நான் நிற்கவில்லை. ஆறு மாதத்தில் முதல் முறையாக அந்தப் பதினாறு பல்லில், அவ்வளவு பாரத்தோடு, இறங்காமல் உச்சிக்கு வந்துவிட்டேன்.

அதை யாரும் கவனிக்கவில்லை. இறங்காமல் வருவது அவர்களுக்குச் சாதாரணம். மந்திரத்துக்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் மூத்த குளியாள். ஓரத்தில் அப்பா, வெள்ளைச் சட்டையில். நான் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றேன். மூச்சை இழுத்து ஆரம்பித்தேன். பாதி வரை வந்தேன். யேசுவின் பெயருக்கு ஒரு சொல் முன்னால் மூச்சு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தது வெறும் காற்றும் ஒரு இருமலும்தான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூத்த குளியாள், "சரிலே, எறக்கி வையி" என்றார். அப்பா மூட்டையை இறக்கினார். என் முகத்தைப் பார்க்காமல், "போய்யா, போய் காப்பி குடி" என்றார்.

முடிந்தது என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததாக நினைத்தேன். அண்ணாச்சி கிளாஸைக் கழுவுகிற சத்தம் கேட்டது. காப்பி வருவதற்குள் சைக்கிளைத் திருப்பினேன். கண் நிறைந்துவிட்டால் எல்லார் முன்னாலும் துடைக்க வேண்டியிருக்குமே என்று, பெடல் மிதிக்காமல் இறக்கத்தில் விட்டுவிட்டேன். ஃப்ரீவீல் டிக் டிக் என்று வீடு வரை கூடவே வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கிறிஸ்மஸ் பலகாரத்துக்கு அரிசி திரிக்க மாவு மில்லுக்கு அனுப்பினாள். மில் தேரிக்கு அந்தப் பக்கம். உச்சியில் குளியாட்கள் பஸ்ஸுக்கு நிற்பார்கள். நான் ரோட்டை விட்டுப் பனங்காட்டுத் தடத்தில் இறங்கினேன். முழங்கால் புதைகிற மணல். சைக்கிளைத் தள்ளுவதைவிடத் தூக்கியதுதான் அதிகம். பனைகளுக்கு நடுவே ஒரு இடத்தில் உச்சி தெரியும். கடைக்குப் பக்கத்தில் அப்பாவின் வெள்ளைச் சட்டை. பஸ் வந்தது, போனது. சட்டை அங்கேயே நின்றது. எனக்காக வெட்கப்பட்டு மற்றவர்களோடு பஸ்ஸில் ஏறாமல் தனியாக நிற்கிறார் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படியே. நானும் பனங்காட்டு வழியாகவே போனேன்.

பிறகு பேச்சு எழவில்லை. பத்தாம் வகுப்பு முடித்ததும் அப்பா என்னை இந்தக் கிட்டங்கியில் சேர்த்துவிட்டார். நான் இங்கே இருந்தபோது, என் தம்பி வாடகைக்கு எடுத்த குட்டிச் சைக்கிளில் மூட்டையோடு ஏறி வள்ளத்துக்குப் போய்விட்டான் என்று செய்தி வந்தது. வாடகைச் சைக்கிளில் எத்தனை பல் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. என் தண்ணீர்க் கண்ணாடியை அவன்தான் எடுத்துப் போனான். ரப்பர் கிழிந்து எங்கேயோ கடலில் போய்விட்டதாம். எனக்கு வருத்தம் வரும் என்று வீட்டில் என் முன்னால் தேரிப் பேச்சை எடுப்பதே இல்லை. ஒரு முறையாவது எடுத்திருக்கலாம்.

அவன் எடுத்து வந்த சங்கையும் நான் வளையத்தில் விட்டிருக்கிறேன். ஈரம் காயாமல், பாசி வாசனையோடு, உள்ளே சதை அசைய என் கைக்கு வரும். அது கிடந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. இப்போது தம்பிக்கு ஒரு காது கேட்காது, அப்பாவுக்கு இரண்டும். எல்லாம் கடல் அழுத்தியது. சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்து, "நீ தப்பிச்சே" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்கு எழுந்து போய்விடத் தோன்றும். தப்பிப்பதற்கு நான் எங்கே போனேன்?

அந்தச் சைக்கிள்காரர் தண்ணீர் வாங்கிக் குடித்துப் போன அதே வாரம் ஊருக்குப் போனேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பின்புறத்தை ஒதுக்கினோம். கோழிக்கூட்டின் கதவு தானாக மூடட்டும் என்று கம்பியில் ஒரு இரும்புப் பாரம் கட்டித் தொங்கவிட்டிருந்தது. கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது. சைக்கிள் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஃப்ரீவீலோடு பின்பல் மட்டும் மிச்சம்.

அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். வயது எண்பதை நெருங்குகிறது. அவர் கையில் அதை வைத்தேன்.

"ஒங்க பழைய சைக்கிளுப்பா."

"என்னது?"

"பின்பல்லு!"

அவர் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு வந்தார். "பதினாறு" என்றார். முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. அவருக்குக் கேட்க வேண்டும் என்றால் கத்த வேண்டும். நான் வாழ்க்கையில் கத்தியதில்லை. கத்தினேன்.

"இதாலதாம்பா அன்னைக்கு என்னால மந்திரத்தை முடிக்க முடியல! எனக்குத் தம் இருந்துச்சு! பல்லுதான் சின்னது!"

பக்கத்து வீட்டு மதினி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். மீன் கூடையோடு போன ஒருத்தி நின்றுவிட்டாள். அப்பா பல்லிலிருந்து விரலை எடுத்தார்.

"ஒனக்குத் தம் இல்லன்னு எவம்லே சொன்னான்?"

"நீங்கதாம்பா! எறக்கி வச்சிட்டுப் போன்னு சொன்னீங்கள்லா!"

"காப்பி குடின்னுலா சொன்னேன். குடிச்சிட்டு, மூச்சு வாங்கிட்டு, மறுபடி சொல்லணும். மூணு தரம் சொல்லலாம்லா. நான் ரெண்டாந்தரத்துலதான் முடிச்சேன். ஒன் தம்பி மூணாந்தரம். மொதத் தரத்துலயே முடிச்சவன் நம்ம ஊர்ல எவன் இருக்கான்? நீ காப்பி வாரதுக்குள்ள சைக்கிளைத் திருப்பிட்டுப் போயிட்ட."

"எனக்கு யாருமே சொல்லலியேப்பா!"

"அதை என்னத்துக்குச் சொல்ல? எல்லாப் பயலுக்கும் தெரியும்லா."

எல்லாப் பையன்களுக்கும் தெரிந்திருக்கும். சாயங்காலம் கரையில் கும்பலாக உட்கார்ந்து இதையெல்லாம்தான் பேசுவார்கள். நான் கொஞ்சம் தள்ளி, கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெறவு ரெண்டு ஞாயித்துக்கிழமை பஸ்ஸை விட்டுட்டு அங்கனயே நின்னேன். நீ வருவேன்னு. மூத்தவரும் சொன்னாரு, பயல் வரட்டும், பொறுத்துப் பாப்போம்னு. நீ பனங்காட்டுக்குள்ள சைக்கிளைத் தூக்கிட்டுப் போன."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லாப்பா! ஏலேன்னு ஒரு சத்தம்!" தெருவில் இப்போது நாலைந்து பேர் நின்றார்கள்.

காது கேளாத ஆள். எப்போதும் உரக்கத்தான் பேசுவார். தெருவில் நின்றவர்களை ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அவ்வளவு பேரு நின்னாவ. அத்தனை பேரு முன்னால எப்படிச் சத்தம் போட? எனக்கு வெக்கமாட்டு இருந்துச்சுய்யா."

நான் பின்பல்லை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தேன். இதை எழுதும்போது நாலு நாள் ஆகிவிட்டது. தினமும் எடுத்துத் திருகிப் பார்க்கிறேன். இன்னும் சுற்றவில்லை.